கற்பூரத்தை அணைத்த கை

சிறுவர் நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கைப்பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை பின்னாளில் குற்றவாளி ஆவானா என்று தெரிந்துவிடுமாம். பொய் சொல்கிறானா, பிராணிகளை வதைக்கிறானா, தவறு செய்தபின் வருந்துகிறானா.

"உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதே மேடம். எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ஆனால் 'வருந்துகிறானா' என்ற வரியில் என் விரல் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு தாராவியில் ஒரு தெருவே கூடி நின்று விடை சொன்னதை நான் அறிவேன். நல்லவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள். ஒருமித்த குரலில் தலைகீழாகச் சொன்னார்கள். அதை வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். வீட்டில் எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். கோர்ட்டுப் படி ஏறியவர் யாருமில்லை. சமூக சேவைப் படிப்பை முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் சிறுவர் நீதிமன்றத்தில் நன்னடத்தை அதிகாரியாகச் சேர்ந்தேன். அம்மா அக்கம்பக்கத்தில் "ஸ்கூல் உத்தியோகம்" என்று சொல்லிவைத்தாள். படிப்பில் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைமை அதிகாரி தேஷ்பாண்டே பாயி. மராட்டியப் பெண்மணி, அங்கே எல்லோரும் அவரை பாயி என்றுதான் அழைப்போம். அவர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொன்னதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

வேலை இதுதான். போலீஸ் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தால், நீதிமன்றத்தின் பின்கட்டில் இருந்த காப்பகத்தில் தங்கவைப்பார்கள். உடுப்புப் போட்ட போலீஸ்காரர் உள்ளே வரக் கூடாது. நாங்கள் பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதைப் படித்தபிறகே மாஜிஸ்டிரேட் வீட்டுக்கு அனுப்புவதா, வெளியூர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் என் மேஜைக்கு வந்தார்கள்.

பாயிக்குச் சில விதிகள் உண்டு. ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போகாமல் எழுதக் கூடாது: ஒரு முறை சாப்பாட்டு வேளையில், ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், ஒரு முறை விடுமுறை நாளில். ஒவ்வொரு முறையும் வேறு சந்து வழியாகப் போக வேண்டும். "வந்த வழியே போனால் உனக்காகப் பெருக்கிவைத்த வாசலைத்தான் பார்ப்பாய்," என்பார். பிள்ளையோடு பேசும்போது மேஜைக்குப் பின்னால் உட்காரமாட்டார். தரையோடு தாழ்ந்த முக்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து, நடுவில் வறுத்த கடலைக் கிண்ணத்தை வைத்துக்கொள்வார். பிள்ளையின் முன்னால் பேனாவைத் தொடமாட்டார்.

அறிக்கையில் 'கெட்டவன்', 'பிறவிக் குணம்', 'திருந்தாதவன்' என்ற சொற்கள் இருந்தால் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வரும். "செய்ததை எழுது. பெயர் வைக்காதே. பெயர் வைக்கிற உரிமை அவன் அப்பா அம்மாவோடு முடிந்துவிட்டது."

சேர்ந்த புதிதில், செம்பூரில் இருந்த பிரிவினை அகதிகள் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் பாயியின் மேஜைக்கு வந்தான். பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் உடைத்தவன். காப்பகத்திலும் கத்தினான், கடித்தான், என் புடவைத் தலைப்பைக் கிழித்தான். இவன் பெரிய ரவுடியாகத்தான் வருவான் என்று பாயியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கத்துகிறவனைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய்? வலிக்கிறது என்று ஊருக்கே சொல்கிறான். கடித்த பிறகு உன் கையைத் திரும்பிப் பார்த்தானா?" பார்த்தான். பார்த்துவிட்டு அழுதான். அவன் பின்னாளில் பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனான். என்னைக் கண்டால் இன்றும் வெட்கப்படுவான். சத்தத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு அப்போது பாடமாக மட்டும் தெரிந்தது. அதன் மறுபக்கம் எப்படியிருக்கும் என்று தெரிந்தது தாராவி வழக்கில்.

அந்த வழக்கில் வந்தவன் செல்வராஜ். பன்னிரண்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா ஆறுமுகத்துக்குத் தோல் பதனிடும் கூடத்தில் வேலை. அங்கே பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறினால் மயிர் கழன்றுவிடும். அந்தத் தொட்டியில் செல்வராஜின் தம்பி முத்து கிடந்தான். சரியாக நடக்கக்கூடத் தெரியாத குழந்தை. காதர் என்ற தொழிலாளி பார்த்துத் தூக்கியதால் உயிர் பிழைத்தது. கால்கள் வெந்துபோய், ஒரு கண் போய், பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது.

தள்ளியவன் அண்ணன் என்றார்கள். போலீசில் ஒப்படைத்தவரே அப்பாதான்.

"சத்தியத்துக்கு நிக்கலம்மா அவன்," என்றார் ஆறுமுகம், நான் முதல் முறை போனபோது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "எம் பிள்ளைதான். இல்லன்னு சொல்லல. அதுக்காவ இன்னொரு பிள்ளைய விட்டுக்குடுக்க முடியுமா?"

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். திருட்டோ சண்டையோ வந்தால், தெருக்கோடியில் செங்கல் பீடமாக நிற்கும் சுடலைமாடன் முன்னால் கூடுவார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, சந்தேகப்பட்டவர் 'நான் செய்யவில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை மாடன் விடமாட்டார். அதனால் குற்றம் செய்தவன் கை நடுங்கும், நடுங்கினால் அகப்பட்டான். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். போலீஸ், கோர்ட் எல்லாவற்றையும்விட அவர்களுக்கு நிச்சயமானது.

தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா பேச்சியம்மாள் செல்வராஜிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். தான் பட்டம் விடுவதைப் பார்க்கப் போனதாகவும், குழந்தையைப் பக்கத்து வீட்டுத் துரையிடம் கொடுத்துவிட்டுப் போனதாகவும் செல்வராஜ் சொன்னான். துரைக்கு ஒன்பது வயது. எங்கிட்ட குடுக்கவே இல்லையே என்றான். இருவரையும் பீடத்தின் முன் நிறுத்தினார்கள். துரை கண் இமைக்காமல் கற்பூரத்தை அடித்து அணைத்தான். செல்வராஜ் கையை நீட்டினான், உடம்பெல்லாம் உதறியது, நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டு ஓடிவிட்டான். தெருவுக்கு அது போதும். அவன் முன்கோபி என்ற பெயரும் இருந்தது. ஒரு தடவை எவன் மண்டையையோ உடைத்திருக்கிறான்.

அன்று என்னைத் தெருமுனைவரை கொண்டுவிட்டவன் துரைதான். சாக்கடைகளுக்கு மேல் பலகை போட்டிருந்தார்கள். என் குடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"பாத்து வாங்கம்மா. இந்தப் பலக ஆடும். இந்தா, இதுல காலு வைங்க."

எண்ணெய் தடவி வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, பெரிய கண்கள். எதிர்ப்பட்ட பெண்களெல்லாம் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

"எங்க ஐயா வாராரு பாரு. கோர்ட்டம்மாவுக்கே வழி காட்டுதாரு!"

"எலெக்சன்ல நிக்கப் போறேன்க்கா, ஓட்டுப் போடுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிரியும்போது குடையைக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "செல்வராசு பாவம்மா. அவனுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதுல்லா. அடிக்காம வச்சிருக்கச் சொல்லுங்க."

இப்படியும் ஒரு பிள்ளை இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

காப்பகத்தில் செல்வராஜ் யாரோடும் பேசவில்லை. பாயி எந்தப் புதுப் பிள்ளையையும் சாப்பாட்டு வரிசையில் ஒரு சின்னப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைப்பார், காரணம் சொல்லமாட்டார். செல்வராஜ் பக்கத்துக் குழந்தையின் தட்டில் பருப்பைப் பிசைந்து, ஊதி, உதட்டில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டினான். தன் தட்டை அதற்குப் பிறகே தொட்டான். பாயி கதவோரம் நின்று பார்த்தார்.

"கோபக்காரனும் ஊதிக் கொடுப்பான், விசாலம். இதை வைத்து முடிவு கட்டாதே. ஆனால் மறக்காதே."

இரண்டாவது முறை தாராவிக்குப் போய்க் குழாயடியில் பெண்களிடம் பேசிவிட்டு வந்தபின், செல்வராஜிடம் தனியாக உட்கார்ந்தேன்.

"தம்பியைத் துரைகிட்டதான் குடுத்தியா?"

"அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவன் இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டாம்லா."

"அதனால?"

"பொய்யா இருந்தா மாடன் விட்ருவாரா? அவனுக்கு ஒண்ணும் ஆவலையே. அப்ப நான்தான் குடுக்காமப் போயிருப்பேன். எங்கனயோ எறக்கி விட்டுட்டு, குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டேன் போல."

இந்தப் பையன் தன் கண்ணால் கண்டதைத் தானே அழித்துக்கொண்டிருந்தான். இன்னும் சில நாள் போனால் தள்ளியதும் தான்தான் என்று சொல்லியிருப்பான்.

"நீ தள்ளலைன்னா ஏண்டா சத்தியம் பண்ணல?"

"கைய விட்டது நாந்தானம்மா," என்றான். "அத வச்சுக்கிட்டு எப்படிக் கற்பூரத்தத் தொட?"

மூன்றாவது முறை விடுமுறை நாளில் போனேன். பாயியின் விதிப்படி வேறு வழி: தோல் காயப்போடும் மைதானத்தைச் சுற்றி, வீடுகளின் பின்புறமாக வரும் ஒடுக்கமான சந்து. பிற்பகல். ஆண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. மூச்சு அடைத்து அடைத்து வரும் அழுகை. ஆறுமுகம் வீட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. ஆனால் முத்து ஆஸ்பத்திரியில் இருந்தான்.

சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு தகர டின்மேல் துரை உட்கார்ந்திருந்தான். என் பக்கம் முதுகு. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துவைத்திருந்தான். அழுகை அவன் தொண்டையிலிருந்து வந்தது.

அடுத்த கணம் பேச்சியம்மாள் தலைவிரிகோலமாக வெளியே ஓடி வந்தாள். "முத்து, ஏ முத்து" என்று தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். துரை உடனே வாயை மூடிக்கொண்டு, திரையின் ஓட்டையில் கண்ணை வைத்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விஷமம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் பால் எப்போது பொங்கும் என்று பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றிப்போய் அவள் கையைப் பிடித்தான். "என்ன அத்தை? யாரத் தேடுதீக?"

"முத்து அழுவுத மாதிரி கேக்குதுடா அய்யா. தெனமும் கேக்குது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டோ என்னமோ."

"ஒண்ணும் கேக்கலியே அத்தை. உள்ள வாங்க, வெயிலு."

நான் சந்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வழக்கமாக நேரம் குறித்துக்கொள்கிறவள் நான். அன்றைய நாட்குறிப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

பாயியிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "பார்த்ததை எழுது. அவன்தான் தள்ளினான் என்று நீ பார்க்கவில்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு, சாட்சி விசாரணை என்று துரையையும் அவன் அம்மா செல்லக்கனியையும் வரச்சொன்னார்.

துரைக்கு இந்தி நன்றாக வரும். ஆனாலும் பாயி என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார். "பிள்ளைகளுக்கு உண்மையும் பொய்யும் வீட்டு பாஷையில்தான் இருக்கிறது. அவன் சொல்வதை அப்படியே இந்தியில் எனக்குச் சொல். கூட்டாதே, குறைக்காதே. உன் முகம் அசையக் கூடாது."

தாழ்ந்த முக்காலி, கடலைக் கிண்ணம். துரை சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலையைத் தோல் நீக்கித் தின்றான். நீ தள்ளினாயா என்று பாயி கேட்கவில்லை. தொட்டியில் தோல் எப்படி ஊறுகிறது என்று கேட்டார். துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுண்ணாம்பு எவ்வளவு போடுவார்கள், தண்ணீர் எப்படிக் கொதிப்பது போலச் சத்தமிடும், மயிர் எப்படிக் கொத்துக் கொத்தாக வரும் என்று கையால் காட்டிச் சொன்னான். முத்து விழுந்தபோது எப்படிச் சத்தம் போட்டான் என்று கேட்டார். செய்து காட்டினான். வாசலில் நின்ற சேவகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"முத்து எப்படி உள்ளே போனான்?"

"நாந்தான் போட்டேன்." அடுத்த கடலையை எடுத்தான். "தோலப் போட்டா மயிரு கழண்டுருதுல்லா. பிள்ளையப் போட்டா என்ன ஆவும்னு பாத்தேன்."

பாயி காத்திருந்தார். "சொல்," என்றார். சொன்னேன். இந்தியில் அது இன்னும் சின்ன வாக்கியமாக இருந்தது.

"பார்த்தாயா?"

"முழுசாப் பாக்கல. அதுக்குள்ள காதர் மாமா வந்து தூக்கிட்டாவ." அவன் குரல் முதன்முதலாகக் குறைப்பட்டுக்கொண்டது அங்கேதான்.

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"யாரும் இத மாதிரி கேக்கலியே. சத்தியம் பண்ணுன்னு சொன்னாவ. பண்ணுனேன்."

"கை சுட்டதா?"

"லேசா."

"மாடன் ஏதாவது செய்துவிடுவார் என்று பயமாக இல்லையா?"

"ராத்திரி வருவாருன்னு சொன்னாவ. முழிச்சுக் கெடந்து பாத்தேன். வரல."

செல்வராஜை ஜீப்பில் ஏற்றியபோது என்ன நினைத்தாய் என்றார் பாயி. துரை கொஞ்சம் யோசித்தான். நினைவுபடுத்திக்கொள்ள நேர்மையாக முயற்சி செய்தான் என்றே எனக்குப் பட்டது. "ஜீப்புல பின்னாடி சக்கரம் ஒண்ணு மாட்டியிருந்துது," என்றான்.

அவனை வெளியே அனுப்பிய பின் பாயி முகம் கழுவிக்கொண்டு வந்தார். மேஜைமேல் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. "ஒன்பது வயது," என்றார்.

செல்லக்கனியிடம் சொல்வது என் பொறுப்பு. அவள் நம்பமாட்டாள், என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"பொறந்ததுலேந்து அவன் பயந்து அழுததே இல்லம்மா. ஊசி போட்டாலும் அழமாட்டான். நான் கீழ விழுந்து கைய ஒடிச்சப்ப, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். தைரியசாலின்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என் வயித்துல இப்ப ஒண்ணு இருக்கு. என்ன செய்யட்டும்?"

துரையைப் பற்றிய அறிக்கையில் 'இரக்கமற்றவன்' என்று எழுதினேன். சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.

இத்தோடு செல்வராஜுக்கு விடுதலை என்றுதான் நான் நினைத்தேன். மாஜிஸ்டிரேட் அவன் குற்றமற்றவன் என்று சொல்லிவிட்டார். ஆனால் கூட்டிப்போக ஆறுமுகம் முன்வரவில்லை.

"நீங்க சொல்லுதீங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா தெருவுல எப்படிம்மா வச்சிருக்க? சத்தியம் பண்ணுனவன் பொய்யன், ஓடுனவன் யோக்கியன்னா, அங்க நிக்குத மாடன் யாரு?" அவர் கண்கள் சிவந்திருந்தன. "அவன உள்ள விட்டா எங்களத் தெருவ விட்டுத் தள்ளிருவாவ. அந்தச் சின்னதத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

பெற்றோர் ஏற்காத பிள்ளையை வெளியூர்ப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும். நிரபராதி என்று தீர்ப்பானவன், குற்றவாளிப் பையன்களோடு பதினெட்டு வயதுவரை. மாஜிஸ்டிரேட் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

பாயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு தாராவிக்கு வந்தார். தெருத்தலைவர் பரமசிவம் அண்ணாச்சிக்கு டீக்கடை. எங்களுக்கு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"கோர்ட்டே நடந்து வந்திருக்கு. டீயில சர்க்கரை தூக்கலாப் போடுல," என்று கடைக்குள் குரல் கொடுத்தார். பிறகு எங்களிடம், "ஆனா தீர்ப்ப மாத்தச் சொல்லாதீக. அது நான் சொன்னதில்ல, அவரு சொன்னது," என்று பீடத்தைக் காட்டினார்.

"மாற்றச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்தேன்," என்றார் பாயி. நான் தமிழில் சொன்னேன். "அன்றைக்கு செல்வராஜ் யாரைப் பார்த்து நடுங்கினான்?"

"மாடனப் பாத்துத்தான்."

"நீங்கள் மாடன் முன் நின்றால்?"

"எனக்கும் நடுங்கும். இத்தன வயசாச்சு, இன்னைக்கும் நான் அந்தப் பக்கம் செருப்புப் போட்டு நடக்கமாட்டேன்."

"துரைக்கு ஏன் நடுங்கவில்லை?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"எல்லாருக்கும் நடுங்குகிற இடத்தில் நடுங்காதவனை நீங்கள் நிரபராதி என்றீர்கள்," என்றார் பாயி. "உங்கள் சாமியை நம்பியவன் ஓடிப்போனவன்தான்."

அண்ணாச்சி பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் பாத்தேம்மா," என்றார், தாழ்ந்த குரலில். "கற்பூரத்த அணைச்சுட்டு அவன் கைய மோந்து பாத்தான். பிள்ளைதானன்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சி தெருவாரிடம் பேசியிருந்தார்; வார முடிவில் ஆறுமுகம் காப்பகத்துக்கு வந்து மகனைக் கூட்டிப்போனார். நானும் உடன் போனேன். மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் நடக்கவில்லை. தெரு முழுக்க வாசலில் நின்றது. பேச்சியம்மாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த முத்துவை, கால்களில் கட்டோடு, கண்ணில் கட்டோடு, உள்ளிருந்து தூக்கி வந்தாள். ஆறுமுகம் அதை வாங்கி, எல்லோரும் பார்க்க, செல்வராஜின் கைகளில் வைத்தார். செல்வராஜின் கை நடுங்கியது, கற்பூரத்தின் முன் நடுங்கியதைப் போலவே. இந்த முறை யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

ஆனால் முழுவதும் சரியாகிவிடவில்லை. செல்வராஜ் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான். "நான் துரைகிட்ட குடுத்தது உறுதிதானம்மா?" உறுதிதான் என்பேன். தலையாட்டுவான். அடுத்த முறையும் கேட்பான். இரண்டு பேருக்குமான வருத்தத்தை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டது போலிருந்தது.

துரையை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்ப பாயி சம்மதிக்கவில்லை. "பெரிய பையன்களிடம் போனால் இவன் கற்றுக்கொள்ளமாட்டான். கற்றுக்கொடுப்பான்." காப்பகத்திலேயே தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். தண்டனை அவனிடம் எடுபடவில்லை. மழை நிற்கக் காத்திருப்பவன் போலத் தண்டனை முடியக் காத்திருப்பான். பாராட்டு எடுபட்டது. சாப்பாட்டு மணி அடிக்கும் வேலை கிடைக்கும் என்றால் நாள் முழுதும் ஒழுங்காக இருந்தான். சின்னப் பிள்ளைகளோடு அவனைத் தனியாக விட்டதே இல்லை. பாயி அவனுக்கு முகங்களைக் கணக்குப் பாடம் போலச் சொல்லிக்கொடுத்தார். புருவம் இப்படி இருந்தால் பயம். உதடு இப்படி இருந்தால் வலி. ஒருவர் அழுதால் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் கொடுக்க வேண்டும். ஏன்? "குடுத்தா நீங்க நல்லா பண்ணுனேன்னு சொல்லுவீங்க," என்பான். பாயி திருத்தமாட்டார். "இப்போதைக்கு இது போதும்," என்பார். எனக்கு அது பித்தலாட்டம் கற்றுக்கொடுப்பது போலப் பட்டது. அவரிடமே சொன்னேன். "இருக்கலாம்," என்றார். "உள்ளே இல்லாததை நான் வைக்க முடியாது. வெளியே ஒரு கைப்பிடியாவது வைக்கிறேன். பிடிப்பதும் விடுவதும் அவன்."

அறுபதுகளின் கடைசியில் பாயி நோயில் படுத்தார். பிறகு அலுவலகம் வரவேயில்லை. ஒரு காலை, அவர் போய்விட்டதாகச் சேவகர் வந்து சொன்னார். நான் காப்பக வராந்தாவின் படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள்.

துரை அருகில் வந்தான். அப்போது மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. என் எதிரே குனிந்து, புருவத்தையும் உதட்டையும் பார்த்தான். உள்ளே போனான். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, சிந்தாமல், என் பக்கத்தில் வைத்தான்.

குடித்தேன். அழுகை நிற்கவில்லை.

அவன் நின்றுகொண்டே இருந்தான். வெறும் டம்ளரைப் பார்த்தான், மறுபடி என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்கள் எப்போதும் போல வறண்டு தெளிவாக இருந்தன. ஆனால் அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கணக்கு விடைக்கு வராத பிள்ளையின் குழப்பம்.

"தண்ணி குடுத்தும் நிக்கலியே. அடுத்தாப்ல என்ன செய்யணும்? பாயி இது வரைக்கும்தான் சொல்லித்தந்தாங்க," என்றான். பிறகு, "பக்கத்துல உக்காரணுமா?"

அந்தப் பெண்ணின் தாளில் இதற்கு மதிப்பெண் போட இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சந்தில் நின்று அவன் முதுகைப் பார்த்த பிற்பகலில் எனக்கு நடுங்கியது போலவே அப்போதும் நடுங்கியது. நான் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவன் உட்கார்ந்தான்.